அலுமாரிச் சாவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், தொழினுட்பப் பாடங்கள் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், மேலே இருந்து கையொப்பமிடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஆசிரியன் இல்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவன். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக்குப் போய், பதினொரு வருடம் ஒரு பழுதுபார்க்கும் கடையில் மின்னணுப் பலகைகளோடு கிடந்தேன். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டுப் பலகை, தராசு, யூபிஎஸ் பெட்டி என்று ஏதாவது பழுதானால் என்னிடம் வரும். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு, கணினிக்கு மூளையாக இருக்கும் மைக்ரோபுரொசசர் என்ற சில்லு எப்படி வேலை செய்கிறது, அதோடு ஒரு விளக்கையோ சுவிட்சையோ தராசையோ எப்படி இணைப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு வருடமாக நடக்கிறது. அந்த நான்கு வருடத்தில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு பாடசாலைக்கு புரொஜெக்டர் பழுதுபார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது, கணினி அறை மூலையில் ஒரு இரும்பு அலுமாரி கண்ணில் பட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், உள்ளே நிரல் எழுதிப் பழகும் ஆறு அர்டுயினோ பலகைகள், சென்சர்கள் நிறைந்த ஒரு பெட்டி, இரண்டு மல்டிமீட்டர். எல்லாம் வந்த பொலித்தீன் உறை கிழியாமல் அப்படியே இருந்தன. பொலித்தீன் மேல் தூசி. அந்த அறையின் டீச்சரிடம் கேட்டேன். சின்ன வயது, நல்ல பிள்ளை, அக்கறையாகப் படிப்பிக்கிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணன், அது இன்வென்ட்ரியில ஏறின சாமான். ஒண்ணு பழுதானாலும் நான்தான் பதில் சொல்லணும். நாளைக்கு எனக்கு இடமாற்றம் வந்தா எல்லாத்தையும் எண்ணிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு மேசையில் கிடந்த ஒரு உயர்தர மாணவியின் கொப்பியையும் புரட்டிப் பார்த்தேன். கட்டுப்பாட்டு அலகு, எண்கணித தருக்க அலகு, ரெஜிஸ்டர்கள், முகவரிப் பாதை, தரவுப் பாதை, கட்டுப்பாட்டுப் பாதை என்று நான்கு நிறப் பேனையில் அவ்வளவு அழகாக வரைந்திருந்தாள். அவள் உட்காரும் கதிரைக்கும் அந்த அலுமாரிக்கும் இடையில் ஐந்தடி தூரம் இருக்கும். படத்தில் இருப்பது உள்ளே இருக்கும் கறுப்புச் சில்லுதான் என்பதை அவள் தொட்டு அறியவில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அந்தச் சாமான்களைப் பிள்ளைகள் தொடட்டும். தொட்டால் சிலது எரியும். எரிவதற்கு அனுமதி கொடுங்கள். வெண்கட்டி தேய்ந்து தீர்ந்ததற்கு எந்த ஆசிரியரிடமும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அமிலம் தீர்ந்தால் அது பாவித்துத் தீர்ந்த பொருள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையியும், ஒளிகாலும் இருவாயி என்ற சின்ன எல்ஈடி விளக்கும், குட்டிச் சுவிட்சுப் போல வேலை செய்யும் திரான்சிஸ்டரும், சில்லும் அதே வகைதான். அவற்றை மேசை கதிரையோடு சேர்த்து நிரந்தரச் சொத்துப் புத்தகத்தில் எழுதி வைப்பதால்தான் அவை அலுமாரியில் சாகின்றன. பாவித்துத் தீரும் பொருள் என்று எழுதுங்கள். பெரிய பலகைகளில்கூட வருடத்துக்கு இரண்டு மூன்று போகலாம் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி, அதிபரும் கையொப்பம் வையுங்கள். அந்த ஒரு வரி போதும், அந்த டீச்சர் அலுமாரியைத் திறப்பார்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பீர்கள்.

மைக்ரோபுரொசசருக்கு உண்மையில் தெரிந்தது மிகக் கொஞ்சம். நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையைக் கொண்டுவரும், அது என்ன என்று பிரித்தறியும், செய்து முடிக்கும், அடுத்ததற்குப் போகும். கூட்டும், கழிக்கும், ஒப்பிடும், ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் வைக்கும். அவ்வளவுதான். 1971 இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்டர்கள்தான் இருந்தன. பிசிகொம் என்ற ஜப்பானியக் கம்பனியின் கணக்குப் பொறிக்காகச் செய்யப்பட்டது அது. இன்று கைத்தொலைபேசியில் இருக்கும் சில்லில் அதைவிடப் பல இலட்சம் மடங்கு திரான்சிஸ்டர்கள் இருக்கின்றன, ஆனால் அடிப்படை வேலை இதே கொண்டுவா, பிரித்தறி, செய் தான். இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் சரியாக எழுதுவார்கள். ஆனால் அது வெளியுலகத்தைத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. சில்லின் கால்கள். உள்ளே இருக்கும் ஒன்றும் பூச்சியமும் அந்தக் கால்களில் 5 வோல்ற்றாகவும் 0 வோல்ற்றாகவும் மாறி வெளியே வருகின்றன. அந்த இடத்தைக் கையால் தொடாமல் கற்க முடியாது. பலகையில் எழுதிப் போட்டால் அது இன்னொரு படம் மட்டும்தான்.

நான் கற்றது எப்படி என்று சொல்கிறேன். கொழும்புக் கடையில் ஒரு பெரியவர் இருந்தார். அவரிடம் பழைய 8085 பயிற்சிப் பலகை ஒன்று. அந்தச் சில்லு 1976 இல் வந்தது, நாற்பது கால், 5 வோல்ற்றில் ஓடுவது. பதினறும எண்கள் (0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும்) எழுதிய விசைகளும், சிவப்பு எழுத்துக்காட்டியும் அந்தப் பலகையில் இருந்தன. கடை பூட்டியதும் அரை மணித்தியாலம் என்னை அதன் முன் உட்கார வைப்பார். 3ஈ என்று அழுத்தினால் அடுத்து வரும் எண்ணை, சில்லுக்குள் இருக்கும் ஏ ரெஜிஸ்டர் என்ற சின்ன இடத்தில் வை. டி3 என்றால் அதை வெளியே அனுப்பு. 76 என்றால் நில். இந்த மூன்று கட்டளையை வைத்து எட்டு விளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்று எரிய வைத்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குமுன் கணினி என்றால் எனக்கு ஏதோ மந்திரப் பெட்டி. அன்றைக்கு அது, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒரு சாமான் ஆயிற்று.

அதே பெரியவரிடம்தான் எரிப்பதையும் கற்றேன். கம்பிச் சுருளின் காந்தத்தால் இயங்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒன்றை ஓட்டச் சொன்னார். திரான்சிஸ்டர் போட்டேன், கம்பிச் சுருளுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் இருவாயி போட மறந்துவிட்டேன். ரிலேயின் சுருளில் ஓடிய மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அது எதிர்த்திசையில் பெரிய வோல்ற்றளவாகத் திரும்பி அடிக்கும். அடித்தது. திரான்சிஸ்டர் போய்விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. டப்பாவிலிருந்து இன்னொரு திரான்சிஸ்டரை எடுத்துக் கையில் வைத்தார், கூடவே ஒரு 1என்4007 இருவாயியையும் வைத்தார். அந்தப் பாடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சம்பளத்தில் கழித்திருந்தால், அடுத்த ரிலேயை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

சரி, இப்போது எங்கள் மண்டபத்துக்கு வாருங்கள்.

முதல் நாள் பிள்ளைகளுக்கு அர்டுயினோ ஊனோ பலகையைக் கொடுத்து, இணையத்தில் கிடைக்கும் முன்மாதிரி நிரலைப் போட்டு விளக்கை மின்ன வைக்கிறேன். அதில் தவறில்லை, ஒரு உற்சாகம் வேண்டும். ஆனால் இரண்டாம் கிழமை அந்த நிரலை அழிக்கச் சொல்லிவிடுவேன். அந்தப் பலகையின் நடுவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லுக்குள் செயலியும், 32 கிலோபைட் நிரல் நினைவகமும், 2 கிலோபைட் வேலை நினைவகமும், வெளியுலகத்துக்கான போர்ட்டுகளும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் அதை மைக்ரோகொன்ட்ரோலர் என்கிறோம். 8085 க்கு நினைவகமும் போர்ட்டும் தனித்தனிச் சில்லுகளாக வெளியே வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டு, போர்ட் பி என்ற எட்டு பிட் இடத்தை, அதாவது ஒன்றோ பூச்சியமோ வைக்கும் எட்டுக் கட்டங்களைக் காட்டுவேன். அதில் ஐந்தாம் பிட், பூச்சியத்திலிருந்து எண்ணினால், பலகையில் 13 என்று எழுதியிருக்கும் கால். முதலில் திசைக்கான ரெஜிஸ்டரில் அந்த பிட்டை 1 ஆக்க வேண்டும், 'இது வெளியே போகும் கால்' என்று அர்த்தம். அப்புறம் போர்ட் பி யில் 32 ஐ எழுத வேண்டும். இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32 என்று கணக்குப் பாடத்தில் படித்தது, அந்த நேரத்தில் ஒரு சிவப்பு விளக்காக எரியும்.

தரம் 12 பிள்ளை ஒருத்தி அதைச் செய்துவிட்டு, மின்ன வைக்கப் பார்த்தாள். எரி, அணை, எரி, அணை என்று எழுதினாள். விளக்கு மின்னவே இல்லை, மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பொருத்தினாள். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்: "சேர், இது ரொம்ப வேகமா மின்னுதா?" ஆமாம். அந்தச் சில்லின் கடிகாரம் வினாடிக்கு ஒரு கோடியே அறுபது இலட்சம் தடவை துடிக்கிறது. நம் கண்ணுக்கு அந்த மின்னல் தெரியாது. 16 மெகாஹேர்ட்ஸ் என்று கொப்பியில் எழுதியவளுக்கு, அந்த எண்ணின் பொருள் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் புரிந்தது.

இன்னொரு பையன் தடையி போடாமல் விளக்கை 5 வோல்ற் வரியில் நேரே சொருகிவிட்டான். ஒரு பளிச், ஒரு வாசம், முடிந்தது. முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தான், அடி விழும் என்று நினைத்தானோ என்னவோ. இன்னொன்றைக் கொடுத்துவிட்டு, கணக்கைப் போடச் சொன்னேன். சிவப்பு விளக்கில் ஏறத்தாழ 2 வோல்ற் விழும். மீதி 3 வோல்ற். 220 ஓம் தடையி போட்டால் 3 ஐ 220 ஆல் வகுக்க வேண்டும், 13.6 மில்லிஅம்பியர். சில்லின் ஒரு கால் தாங்கும் உச்ச எல்லை 40 மில்லிஅம்பியர். ஆகவே பாதுகாப்பு. ஓமின் விதியைத் தரம் பதினொன்றிலேயே அவன் பாடமாக்கியிருந்தான். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டான். எரிந்த விளக்கைத் தூக்கிப் போடவில்லை, கொம்பாசுப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். அந்த விளக்கின் விலை அவன் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் பஸ் காசைவிடக் குறைவு.

அந்த மாணவியின் கொப்பியில் இருந்த மூன்று பாதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே தரவுப் பாதையில் பல சில்லுகள் தொங்கும்போது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்க வைக்க நான் ரயிலைத்தான் சொல்வேன். நம் மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். டேப்லெட் வளையம் கையில் கிடைக்காமல் எந்த ரயிலும் அடுத்த நிலையத்துக்கு நகராது. ஹட்டன் ஸ்டேஷனில் அந்த வளையம் கைமாறுவதைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கம் இல்லை. சில்லைத் தெரிவுசெய்யும் கோடு அந்த வளையம் மாதிரி. இரண்டு சில்லுக்கு ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டால் நடுவில் மோதல்தான். இப்படிச் சொன்னால் ஒரு தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்ததாகச் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இந்த மடலை எழுத வைத்ததே இதுதான்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் அம்மா கொழுந்து எடுப்பவர். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிப்போக வந்தவர், மேசையில் இருந்த சின்னத் தராசுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "தம்பி, மலையில நிறுக்கிற பொட்டி காட்டுற நம்பர நாங்க எப்புடி நம்புறது? உள்ளுக்க என்னா இருக்குனே தெரியாதே" என்றார். கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர் கேட்ட கேள்வி. அன்றைக்கே அதைப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

மின்னணுத் தராசுக்குள் இருப்பது ஒரு அலுமினியச் சட்டம். லோட் செல் என்பார்கள். பாரம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் நான்கு மெல்லிய தடைகள் நீண்டோ சுருங்கியோ தங்கள் பெறுமானத்தை மாற்றும். அவை வீற்ஸ்ரன் பாலம் என்ற அமைப்பில் கட்டப்பட்டிருக்கின்றன, உயர்தரப் பௌதிகவியலில் வருவதுதான். எங்களிடம் இருந்தது 5 கிலோச் சட்டம். 5 வோல்ற் கொடுத்தால், முழுப் பாரத்துக்கும் அது திருப்பித் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ற் மட்டும். அர்டுயினோவுக்குள் இருக்கும் அளவுமாற்றி 5 வோல்ற்றை 1,024 படிகளாகத்தான் பிரிக்கும். ஒரு படி 4.9 மில்லிவோல்ற். அதாவது வெறுந் தட்டிலிருந்து ஐந்து கிலோ வரைக்கும் அதற்கு ஒரே ஒரு படிதான் தெரியும். பிள்ளைகள் நேரே சொருகிப் பார்த்தார்கள். எண் அசையவே இல்லை. சென்சர் பழுது என்றார்கள். மல்டிமீட்டரால் அளக்கச் சொன்னேன். மில்லிவோல்ற்றில் அசைவது தெரிந்தது. அப்போது விளங்கிற்று, சென்சர் பேசுகிறது, கேட்பவருக்குத்தான் காது போதவில்லை என்று. அதன்பிறகு எச்எக்ஸ்711 என்ற சில்லை நடுவில் போட்டோம். அந்த மெல்லிய குரலை 128 மடங்கு பெருக்கி, 24 பிட் எண்ணாக மாற்றித் தரும் சில்லு அது. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வைத்து ஒரு கிலோ என்று அளவு திருத்தினோம். வெறும் போத்தலின் பாரத்தைக் கழிக்க மறக்கவில்லை.

அந்தக் கழிவில்தான் விஷயம் இருந்தது. மகள் நிரலில் ஒரு வரியைச் சுட்டிக் காட்டினாள். "அம்மா, சாக்கு எடைய கழிக்கிறதுக்கு இந்த நம்பர். நான் இதுல முந்நூறுன்னு போட்டா முந்நூறு கிராம் கழியும். ஐந்நூறுன்னு போட்டா ஐந்நூறு." போட்டும் காட்டினாள். அதே தண்ணீர்ப் போத்தல், தட்டில் அசையாமல் இருக்க, திரையில் எண் குறைந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அப்ப இந்த நம்பர வைக்கிறது யாரோ, அவுங்க கையிலதான் இருக்கு."

எந்தத் தோட்டத்தையும் நான் குற்றம் சொல்லவில்லை. அந்த அம்மாவின் தராசு சரியாகவே இருந்திருக்கலாம். கழிவு எவ்வளவு என்று கேட்கலாம், தெரிந்த ஒரு எடையை வைத்துச் சரிபார்க்கச் சொல்லலாம் என்பது அவருக்கு இப்போது தெரியும். இன்டர்ஃபேசிங், அதாவது சில்லோடு வெளிச் சாமான்களை இணைப்பது என்று பாடத்திட்டத்தில் வரும் சொல், அந்த வீட்டுக்குள் போன விதம் இது. இதைவிட நல்ல காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மழையையும் சொல்லவேண்டும். கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி. நம் பிள்ளைகளில் பலருக்கு மழை இரவு என்றால் இன்றும் வீட்டில் யாராவது விழித்திருக்கும் இரவு. மழைமானியில் சின்னத் தட்டு ஒன்று இருக்கும், 0.2 மில்லிமீற்றர் மழை சேர்ந்ததும் கவிழும், கவிழும்போது ஒரு காந்தம், காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் ஒன்றைக் கடந்து போகும். சில்லின் வேலை அந்தத் தொடுகையை எண்ணுவது. சுலபம் என்று நினைத்தோம். ஒரு போத்தல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிப் பார்த்தால், பத்துத் தடவை கவிழ்ந்ததற்கு இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்று வந்தது. சுவிட்சின் தகடுகள் ஒட்டும்போது சில மில்லிவினாடி துள்ளும். ஒவ்வொரு துள்ளலையும் அந்த வேகமான சில்லு தனித்தனியாக எண்ணிவிடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்பது மண்சரிவுக்கு விழிப்பாக இருக்கவேண்டிய முதல் எல்லை. மூன்று மடங்காக எண்ணும் மானி வெறும் 25 மில்லிமீற்றர் மழைக்கே அந்த எல்லையைக் காட்டிவிடும். இரண்டு தடவை ஊரைப் பொய்யாக எழுப்பினால், மூன்றாம் தடவை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். துள்ளல் அடங்கும்வரை சில்லைக் காத்திருக்க வைக்கும் நான்கு வரி நிரலைப் பிள்ளைகள் அன்றைக்கு எவ்வளவு கவனமாக எழுதினார்கள் தெரியுமா? எங்கள் மானி படிப்பதற்கு மட்டும்தான், எச்சரிக்கைக்கு அதிகாரிகளின் அறிவித்தலைத்தான் கேட்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் நிரலை அப்படியே ஒட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை அளக்க ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சென்சர் ஒன்று உண்டு. காற்றில் ஒலியின் வேகம் 15 பாகை குளிரில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர், 30 பாகை வெக்கையில் 349. நுவரெலியாவில் சரியாக அளக்கும் நிரல், கொழும்பில் ஒரு மீற்றருக்கு இரண்டரை சென்ரிமீற்றர் பிசகும். ஏன் என்று கேட்கத் தெரிந்தவர்தான் அதைத் திருத்த முடியும்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும், நேரிலும் கேட்டிருக்கிறேன்.

ஆங்கிலம் வராது என்கிறார்கள். சில்லின் விபரத்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, உண்மை. தருக்கப் படலை, துவித எண், தடையி என்று பிள்ளைகள் தமிழில் நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள். பொருள் கைக்குள் வந்தபிறகு அதன் ஆங்கிலப் பெயரைப் பிடிப்பது கஷ்டமில்லை. விபரத்தாளில் கிழமைக்கு ஒரு பக்கம் சேர்ந்து வாசிக்கிறோம், முதலில் மின்னளவு அட்டவணை. அதில் இருப்பது பெரும்பாலும் எண்களும் பத்துப் பதினைந்து சொற்களும்தான். ஆங்கிலம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அலுமாரியைப் பூட்டி வைத்தால் இரண்டுமே வராது.

கைத்தொலைபேசியில் சுற்றுகளைத் திரையிலேயே ஓட்டிக் காட்டும் ஆப் இருக்கிறதே, அது போதாதா என்கிறார்கள். பலகை இல்லாத பிள்ளைக்கு அது நல்ல துணை, நானும் பாவிக்கிறேன். ஆனால் எங்கும் இணைக்காமல் விட்ட ஒரு கால் தானாக 1 என்றும் 0 என்றும் அலைவதை அதில் பார்க்க முடியாது. எங்கள் மண்டபத்தில் ஒரு பிள்ளை கையைக் கிட்டே கொண்டுபோனாலே எண் மாறியது, பேய் என்று கத்தினார்கள். சுவர்க் கம்பியில் ஓடும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் சாயலை அந்தக் கால் பிடிக்கிறது. காலை 5 வோல்ற் பக்கம் இழுத்துப் பிடிக்கும், சில்லுக்குள்ளேயே இருக்கும் மேலிழு தடையியைப் போட்டதும் பேய் போய்விட்டது.

ஆபத்து என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. அதனால் வகுப்பில் 5 வோல்ற்றும், மிஞ்சினால் 12 வோல்ற் பற்றரியும் மட்டும்தான். வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ற்றை எந்தப் பிள்ளையும் தொடக்கூடாது, ரிலே வழியாகவும் கூடாது. இதில் நான் ஒருபோதும் இறங்கி வரமாட்டேன், நீங்களும் வரவேண்டாம்.

ஆசிரியர்களுக்கே பழக்கமில்லை என்பது கடைசியாக, மெதுவாகச் சொல்லப்படும் பதில். டீச்சர்மாரே, சேர்மாரே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு நடந்த பயிற்சிப் பட்டறைகளில் திரையில் படம் காட்டினார்கள், கையில் ஒரு பலகையும் தரவில்லை என்று உங்களில் பலரே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு தவணை உங்களுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எரிப்பதை நீங்களும் எரியுங்கள். எங்கள் மண்டபத்துக்கு இப்போது இரண்டு ஆசிரியர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் தன் பாடசாலையில் மழைமானி ஒன்றைத் தானே கட்டி முடித்தார்.

இங்கே தொழிற்சாலைகளில் தேயிலையின் நிறம் பார்த்துக் காம்பைப் பிரிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. விழும் தூளைக் கமெரா பார்க்கிறது, செயலி முடிவெடுக்கிறது, காற்றுக் குழாய் ஒன்று காம்பை மட்டும் ஊதித் தள்ளுகிறது, எல்லாம் சில மில்லிவினாடிக்குள். அது நின்றுவிட்டால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள லயத்தில் உயர்தரத் தொழினுட்பம் படித்த பையன் வேலை தேடிக்கொண்டு இருப்பான். அவனுக்கு இயந்திரத்தின் பெயர்களெல்லாம் தெரியும். திறந்து பார்த்ததில்லை.

அபிவிருத்திச் சங்கத்தாரிடம் ஒன்று. விளையாட்டுப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் கொழும்பில் இருக்கும் நம் பழைய மாணவர்களிடம் கேட்கிறீர்கள், அவர்களும் தருகிறார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வேலை செய்யும் நம் பொடியன்களிடம் ஒரு தடவை இதையும் கேட்டுப்பாருங்கள். தடையி ஒரு கட்டு, விளக்கு நூறு, பற்றவைக்காமல் சொருகிப் பழகும் பிரெட்போர்ட் பத்து, கம்பி. பழைய மடிக்கணினி ஒன்று இருந்தாலும் போதும், இதற்கு இணையம்கூட எப்போதும் தேவைப்படாது.

அதிகாரிகளிடம் கேட்பதை மேலேயே கேட்டுவிட்டேன். பாவித்துத் தீரும் பொருள் என்று ஒரு வரி. அதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் இன்னும் நல்லது.

அந்தப் பாடசாலைக்கு அடுத்த மாதம் மீண்டும் போகிறேன், இந்தத் தடவை யூபிஎஸ். எரிந்துபோனால் மாற்றிப் போட இருபது விளக்கும், ஒரு பொட்டலம் 220 ஓம் தடையியும், இரண்டு சில்லும் என் பையில் இருக்கும். சாவி டீச்சரிடம் இருக்கிறது. அவர் கதவைத் திறக்கப் பயப்படாமல் இருக்க, அதற்குள் அந்தக் கையொப்பம் வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு பழுதுபார்ப்பவன்